வாடகைக் காரும் கிரெடிட் கார்டும்: யூட்டா பயணத்தில் பட்டறிந்தவை

கடந்த செப்டம்பரில், கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு, லாஸ் வேகஸில் கார் எடுத்து, யூட்டா மாநிலத்தின் ஐந்து தேசியப் பூங்காக்களையும் எட்டு நாட்களில் பார்த்துவந்தோம். சயான், பிரைஸ் கேன்யன், கேப்பிடல் ரீஃப், ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் ஆகியவற்றின் அழகைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் இங்கே எழுதுவது, வழியில் எங்கள் வாடகைக் காருக்கு நேர்ந்த சேதத்தையும், அந்தச் செலவைக் கிரெடிட் கார்டின் மூலம் ஈடுகட்டிய விதத்தையும் பற்றி.

விமான நிலையத்திலிருந்து பேருந்தில் வாடகைக் கார் மையத்துக்குப் போய் வரிசையில் நின்றபோதே, கவுன்ட்டரில் என்ன கேட்பார்கள் என்பது தெரிந்திருந்தது. காருக்கு ஏற்படும் சேதத்துக்கு நாம் பொறுப்பில்லை என்று நிறுவனமே எழுதித் தரும் எல்டிடபிள்யூ என்ற பாதுகாப்புக்கு நாளொன்றுக்கு 29 டாலர் என்றார் அங்கிருந்த பெண். எட்டு நாளைக்கு 232 டாலர், வரி தனி. நான் வேண்டாம் என்றேன். அப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை.

“ஏன் கண்ணு, இன்ஷூரன்ஸ் வேண்டாங்கறயே, நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?”

“கார்டுலயே இருக்குதுங்கப்பா. அவுங்ககிட்ட வாங்கினாத்தான் கார்டுல கிடைக்காது.”

அப்பாவிடம் சொன்னதில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. கார்டு தரும் பாதுகாப்பு செல்லுபடியாக வேண்டுமானால், நிறுவனம் விற்கும் சேதப் பாதுகாப்பை மறுத்திருக்க வேண்டும். வாடகையை அந்தக் கார்டிலேயே கட்டியிருக்க வேண்டும். கார்டு யார் பெயரில் இருக்கிறதோ அவரே முதன்மை ஓட்டுநராக ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். என் கணவரும் ஓட்டுவதாக இருந்ததால் அவர் பெயரையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொன்னேன். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டும்போது சேதம் நேர்ந்தால், கார்டும் கைவிடும், வாடகை நிறுவனமும் கைவிடும்.

எல்லாக் கார்டிலும் இது உண்டு என்று நினைப்பது தவறு. டிஸ்கவர் என்ற கார்டு நிறுவனம் 2018 பிப்ரவரியில் இந்தச் சலுகையை நிறுத்தியது. சிட்டி வங்கி 2019 செப்டம்பரில் தன் பெரும்பாலான கார்டுகளிலிருந்து எடுத்துவிட்டது. பத்தாண்டுக்கு முன் கார்டு வாங்கியபோது வந்த கையேட்டை நம்பி இன்றைக்குக் கவுன்ட்டரில் கையெழுத்திடுபவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. கார்டின் தற்போதைய பலன் கையேட்டைப் பயணத்துக்கு முன் தரவிறக்கிப் படித்துவிடுங்கள்.

அதில் முதலில் தேட வேண்டிய சொல் பிரைமரியா செகண்டரியா என்பது. செகண்டரி என்றால், உங்கள் சொந்தக் காரின் காப்பீட்டில் முதலில் கேட்டு, அது தராத மிச்சத்தை மட்டுமே கார்டு தரும். நியூ ஜெர்சியில் எங்கள் சொந்தக் காரின் காப்பீட்டில் முதல் 1,000 டாலரை நாங்களே ஏற்க வேண்டும். அதன்பின் பிரீமியம் உயர்ந்துவிடுமோ என்ற அச்சம் வேறு. பிரைமரி என்றால் சொந்தக் காப்பீட்டைத் தொடவே வேண்டியதில்லை. என் கார்டில் இருப்பது இதுதான். ஆண்டுக் கட்டணம் 95 டாலராக உள்ள சேஸ் சஃபையர் பிரிஃபர்ட் போன்ற சில கார்டுகளில்தான் பிரைமரி வருகிறது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டுகளில் இயல்பாக இருப்பது செகண்டரி. முன்கூட்டியே பதிவுசெய்தால், ஒரு வாடகைக்கு 25 டாலருக்குள் தனிக் கட்டணம் பிடித்துக்கொண்டு பிரைமரியாகத் தருகிறார்கள். நாள்கணக்கில் இல்லாமல் வாடகைக்கு ஒரே கட்டணம் என்பதால், நீண்ட பயணத்துக்கு அது நல்ல ஏற்பாடு.

சயானின் சுரங்கப்பாதையைக் கடந்து, பிரைஸைப் பார்த்து, இரு பக்கமும் பள்ளத்தாக்கு இறங்கும் 12ஆம் எண் நெடுஞ்சாலையில் டோரி ஊர் வரை போனோம். இவ்வளவு தூரமும் காரில் ஒரு கீறல் இல்லை. ஐந்தாம் நாள் மாலை, மோவாப் ஊரில் மளிகைக் கடையின் வாகன நிறுத்தத்தில் காரை விட்டுவிட்டுத் தயிரும் ரொட்டியும் வாங்கி வருவதற்குள், யாரோ இடித்துவிட்டுப் போயிருந்தார்கள். ஓட்டுநர் பக்கத்துப் பின்கதவு கைப்பிடிக்குக் கீழே உள்வாங்கியிருந்தது. வெள்ளை நிறத்தின் மேல் பச்சைப் பெயின்ட் ஒரு முழ நீளத்துக்கு இழுபட்டிருந்தது. தரையில் சிவப்புப் பிளாஸ்டிக் துண்டுகள். எங்கள் காரின் விளக்குகள் முழுதாக இருந்ததால், அவை இடித்த வண்டியுடையவை என்று தெரிந்தது. துடைப்பானுக்கு அடியில் சீட்டு எதுவும் இல்லை. அப்பா அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் கைக்குட்டையில் முடிந்துவைத்தார்.

அடுத்த ஒரு மணி நேரத்தில் செய்தவைதான் பிறகு எங்களைக் காப்பாற்றின. காரை நகர்த்தாமல் நான்கு பக்கமும், நிறுத்தக் கோடுகளும் எண் தகடும் தெரியும்படி படம் எடுத்தேன். காவல்துறையை அழைத்தோம், வந்த அதிகாரி விவரம் குறித்துக்கொண்டு வழக்கு எண் எழுதிய அட்டையைக் கொடுத்தார். வாடகை நிறுவனத்துக்கும், கார்டின் பின்பக்கம் உள்ள எண்ணுக்கும் அன்றிரவே தகவல் சொன்னேன்.

மறுநாள் மான்யுமென்ட் பள்ளத்தாக்கில், அங்குள்ள 17 மைல் மண் பாதையில் நாமே போகலாமே என்று என் கணவர் ஆசைப்பட்டார். வாடகை ஒப்பந்தம் மண் சாலையைத் தடை செய்திருந்தது. சாலையில்லாத இடங்களில் ஓட்டுவதும் ஒப்பந்தத்தை மீறுவதும் கார்டின் விலக்குப் பட்டியலில் இருந்தன. ஆகவே நவஹோ பழங்குடியைச் சேர்ந்த வழிகாட்டி ஒருவரின் ஜீப்பில் போனோம். அவர் சொன்ன கதைகள் அம்மாவுக்கு மிகவும் பிடித்துவிட்டன.

காரைத் திருப்பிக் கொடுத்து மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது: பழுதுபார்ப்பு 1,864 டாலர், கார் பட்டறையில் நின்ற ஆறு நாள் வருமான இழப்பு 324 டாலர், நிர்வாகக் கட்டணம் 100 டாலர். கார்டின் கிளெய்ம் பிரிவு கேட்டவை: வாடகை ஒப்பந்தமும் இறுதி ரசீதும், பழுதுச் செலவின் விவரப் பட்டியல், படங்கள், காவல் அறிக்கை, வாடகை கட்டியதைக் காட்டும் கார்டு ஸ்டேட்மென்ட். இத்தனையும் கையில் இருந்ததால் பழுதுச் செலவு ஐந்து வாரத்தில் முழுமையாக வந்தது. வருமான இழப்பில்தான் சிக்கல். அந்த நாட்களில் நிறுவனத்தின் மற்ற கார்கள் எல்லாம் வாடகைக்குப் போயிருந்தன என்று காட்டும் பயன்பாட்டுப் பதிவேடு இருந்தால்தான் கார்டு தரும். நிறுவனமோ அதைத் தர மறுத்தது. பதிவேடு இல்லாமல் இந்தத் தொகையைக் கட்ட மாட்டேன் என்று இரண்டு முறை எழுத்தில் அனுப்பிய பிறகு, அதைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டார்கள். நிர்வாகக் கட்டணத்தை என் கார்டு ஏற்காததால் நூறு டாலரை நானே கட்டினேன்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தப் பாதுகாப்பு நாம் எடுத்த காருக்கு மட்டுமே. நாம் இடித்த மற்றவர் காருக்கோ, காயம்பட்டவர் மருத்துவச் செலவுக்கோ கார்டு ஒரு டாலரும் தராது. எங்களுக்குச் சொந்தக் காரின் காப்பீடு அந்தப் பொறுப்பை ஏற்றது. அமெரிக்காவில் சொந்தக் கார் இல்லாதவர்களும், ஊரிலிருந்து வந்து தாங்களே ஓட்டுபவர்களும், கவுன்ட்டரில் விற்கும் கூடுதல் பொறுப்புக் காப்பீட்டை மறுக்கக் கூடாது. சேதப் பாதுகாப்பை மறுக்கும் அதே வேகத்தில் பலர் இதையும் மறுத்துவிடுகிறார்கள். ஒப்பந்தத் தாளில் இரண்டும் வேறு வேறு கட்டங்கள், தனித்தனியே கையெழுத்திட வேண்டியவை.

அடுத்த ஆண்டு அப்பா நியூசிலாந்து போக வேண்டும் என்கிறார். அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் வழக்கமான பாதுகாப்பில் ஆஸ்திரேலியா, இத்தாலி, நியூசிலாந்து மூன்றும் விலக்கு. அதனால் பிரைமரி உள்ள என் கார்டு அங்கே செல்லும் என்று எழுத்தில் உறுதிக் கடிதம் கேட்டு, இப்போதே விண்ணப்பித்திருக்கிறேன்.