ஏற்காடு ரோட்டுல ஓடுறவங்களை போட்டோ எடுக்க, முதல்ல வளைவை பாருங்க

ரேஸ் போட்டோ எடுக்க ஆரம்பிக்கிற பசங்க நம்ம ஊர்ல யாரை பாத்தாலும் முதல்ல கேக்குறது ஷட்டர் ஸ்பீடு எவ்வளவுண்ணா வெக்கணும்னுதான். அதை சொல்றேன், ஆனா அதுக்கு முன்னாடி நீங்க எந்த வளைவுல, ரோட்டுக்கு எந்தப் பக்கம் நிக்கப்போறீங்கன்னு முடிவு பண்ணிருக்கணும், ஏன்னா தப்பான இடத்துல நின்னுட்டு எவ்வளவு விலை கேமரா வெச்சிருந்தாலும் வர்றது வெறும் ஆள் போட்டோதான், ரேஸ் போட்டோ ஆகாது.

சேலம் கடல் மட்டத்துல இருந்து 300 மீட்டருக்கும் கீழ, ஏற்காடு சுமார் 1500 மீட்டர். அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு. இந்த ஏத்தத்துல ஓடி ஏறுற சாதாரண ஆள் ஒருத்தர் மணிக்கு 8 கிலோமீட்டர் போனாலே பெரிய விஷயம், அதே ரோட்டுல சைக்கிள்ல இறங்குறவர் 50ஐ சாதாரணமா தொடுவாரு. 1/500ல எடுத்தா, அதாவது ஷட்டர் ஒரு செகண்டுல 500ல ஒரு பங்கு நேரம் திறந்திருந்தா, அந்த நேரத்துக்குள்ள ஏறுறவர் உடம்பு நகர்றது அரை சென்டிமீட்டர்கூட இல்ல, இறங்குற சைக்கிள் கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். அதனால எல்லாத்துக்கும் ஒரே நம்பர்னு ஒண்ணு கிடையாது. ஏறுறவங்களுக்கு 1/800 போதும் (உடம்பை விட முன்னாடி வீசுற காலும் கையும் வேகமா போகும், அதுக்காகத்தான் 1/500ல நிறுத்தல), இறங்குற சைக்கிளுக்கு 1/2000. நேரா நம்மளை பாத்து வர்றவங்களுக்கு இன்னும் கொஞ்சம் கம்மியா வெச்சுக்கலாம், குறுக்க போறவங்களுக்குத்தான் இந்த ஸ்பீடு கண்டிப்பா வேணும்.

இப்ப வளைவு. கொண்டை ஊசி வளைவுல உள்பக்கம் செங்குத்தா இருக்கும், வெளிப்பக்கம் கொஞ்சம் சமமா இருக்கும், இது ஏறுற எல்லாருக்கும் காலே சொல்லிக்கொடுத்துரும். வண்டி விடாம ரோடு மூடியிருந்தா சைக்கிள்காரங்க ஏறும்போது வெளிப்பக்கமா அகலமா எடுத்து வருவாங்க, வளைவு முடிஞ்சதும் சீட்ல இருந்து எந்திரிச்சு நின்னு மிதிப்பாங்க. அந்த எந்திரிக்கிற இடம்தான் நமக்கு வேணும். தோள் முன்னாடி வரும், கை நரம்பு தெரியும், முகம் நேரா கேமராவை பாக்கும். வளைவுக்கு மேல ஒரு பதினஞ்சு இருபது மீட்டர் தள்ளி, மலைச்சரிவு பக்கம் ஒட்டி, முட்டி போட்டு உக்காந்து 70-200 ஜூம் லென்ஸை வெச்சுக்கிட்டா ஒவ்வொருத்தரும் கீழ இருந்து எழும்பி வர்ற மாதிரியே விழும். நின்ன வாக்குல கண்ணு உயரத்துல எடுத்தா ஏத்தமே தெரியாது, சமதரையில ஓடுற மாதிரி ஆயிரும். வளைவு நம்பர் போட்ட போர்டு ஓரத்துல வர்ற மாதிரி ஒண்ணு ரெண்டு எடுங்க, ஓடினவங்களுக்கு அது உயிர், எந்த வளைவுல என்ன பாடு பட்டோம்னு அவங்களுக்கு நம்பரோடதான் ஞாபகம் இருக்கும்.

இன்னொரு வசதி, மேல் ரோட்டுல நின்னா கீழ் ரோட்டுல வர்றவங்க முன்கூட்டியே தெரிவாங்க. யார் வர்றா, கூட்டமா வர்றாங்களா, தனியா வர்றாங்களான்னு பாத்துட்டு தயாராகலாம். போகஸ் கன்டினியுவஸ்ல, அதாவது நகர்ற ஆளை விடாம தொடர்ற மோடுல இருக்கணும், கேனான்ல ஏஐ சர்வோ, புது மிரர்லெஸ்னா வெறும் சர்வோ, நிகான் சோனில ஏஎஃப்-சி. ஓடுறவங்க ஒரு நிமிஷத்துக்கு 170 காலடி கிட்ட வெப்பாங்க, அதாவது செகண்டுக்கு கிட்டத்தட்ட மூணு காலடி, உங்க கேமரா செகண்டுக்கு பத்து எடுத்தாலும் ஒரு காலடிக்கு மூணு பிரேம்தான் கிடைக்குது. அதனால தூரத்துலயே பட்டனை அமுக்கி பிடிச்சுக்கிட்டு இருக்காதீங்க, பின்னங்கால் விரல் மட்டும் தரையில இருந்து முன் முட்டி தூக்குற நேரத்துக்கு சின்னச் சின்ன பர்ஸ்ட்டா, நாலஞ்சு படம் சேர்ந்தாப்புல விடுங்க. சமதரையில ரெண்டு காலும் அந்தரத்துல இருக்கிறதை எடுக்கலாம், இங்க ஏத்தத்துல அது பெருசா கிடைக்காது, முட்டி தூக்குறதுதான் இங்க அழகு. மிரர்லெஸ் வெச்சிருக்கவங்க இறங்குற சைக்கிளுக்கு எலக்ட்ரானிக் ஷட்டர் வேண்டாம், பல மாடல்ல சக்கரம் சாஞ்சு முட்டை வடிவமா வரும்.

எல்லாத்தையும் உறைய வெச்சுட்டாலும் போட்டோ செத்துப்போயிரும், இது என் கருத்து. மேல காபி எஸ்டேட் ஓரமா சில்வர் ஓக் மரம் வரிசையா நிக்கிற நேர் ரோடு இருக்கில்ல, அங்க 1/60க்கு இறக்கி ஆளோட சேர்ந்தே கேமராவை திருப்புங்க. காலை அகட்டி நின்னு இடுப்புல இருந்து திரும்பணும், கை மட்டும் திரும்பினா மேலயும் கீழயும் ஆடிரும், கிளிக் பண்ணின பிறகும் திருப்புறதை நிறுத்தக்கூடாது. லென்ஸோட ஸ்டெபிலைசேஷன்ல (கை ஆட்டத்தை குறைக்கிற வசதி) இப்படி திருப்பி எடுக்குறதுக்கான மோடு 2 இருந்தா அதை போடுங்க. மரமெல்லாம் பச்சைக் கோடா இழுத்து, மிளகுக்கொடி எது தண்டு எதுன்னே தெரியாம, நடுவுல அந்த முகம் மட்டும் துல்லியமா இருக்கும். பத்துல ஒண்ணு தேறினா சந்தோஷப்படுங்க.

பனி இறங்கினா நிறைய பேர் கேமராவை உள்ள வெச்சிர்றாங்க, எனக்கு அது ஆறவே மாட்டேங்குது, ஏற்காட்டுக்குன்னு இருக்கிறதே அந்த வெளிச்சம்தானே. பனியில ஆட்டோபோகஸ் முன்னும் பின்னுமா தேடும், அப்ப முகத்தை விட்டுட்டு நெஞ்சுல குத்தியிருக்கிற பிப் நம்பர்ல பாயின்ட்டை வைங்க, வெள்ளையில கறுப்பு எழுத்து, டக்குனு பிடிச்சுக்கும். எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப்புல இருந்து ஒரு ஸ்டாப் வரைக்கும் ஏத்தி வைங்க, இல்லன்னா மீட்டர் அந்த வெள்ளையை பாத்து ஏமாந்து எல்லாத்தையும் சாம்பலாக்கிரும். கார்ல ஏசி போட்டுட்டு மேல போய் உடனே கேமராவை வெளிய எடுத்தா லென்ஸ் வேர்த்துரும், மலை ஏறும்போதே ஏசியை நிறுத்திட்டு கண்ணாடியை இறக்கிக்கிறது நல்லது. வெயில் வந்த பிறகு வேற தலைவலி, மரநிழல் புள்ளி புள்ளியா மூஞ்சில விழும், அதை சாஃப்ட்வேர்ல சரி பண்றது பெரும்பாடு, முழு நிழல் இருக்கிற இடமா பாத்து மாறிக்கணும்.

இறங்குற பக்கம் வளைவோட வெளி ஓரத்துல மட்டும் தயவுசெஞ்சு நிக்காதீங்க. பிரேக் தவறினா சைக்கிள் வர்றது நேரா அங்கதான். விடியறதுக்கு முன்னாடி இருட்டுல இறங்குறவங்க மூஞ்சில ஃபிளாஷ் அடிக்கவே கூடாது. பேக்கை திறந்து கீழ வெச்சா குரங்கு கொண்டு போயிரும், அதையும் சொல்லிர்றேன்.

ஒரு தடவை பாதி மலையில வயசான ஒருத்தர், வேர்வை காஞ்சு பனியன்ல உப்பு வெள்ளைக் கோடா நிக்குது, மூச்சு வாங்கிட்டே நடந்து வந்தாரு. என்னை பாத்ததும் கையை ஆட்டி, "தம்பி, நடக்குறப்ப எடுத்துராதப்பா, அந்த வளைவுகிட்ட வந்ததும் ஓடுறேன், அப்ப எடு"ன்னாரு. "சரிங்கய்யா, நீங்க மெதுவா வாங்க, நான் இங்கதான் இருப்பேன்"னு கேமராவை இறக்கிட்டு நின்னேன். சொன்ன மாதிரியே வளைவுல ஓடினாரு. அந்த போட்டோதான் அவர் வீட்டு ஹால்ல இப்ப பிரேம் போட்டு மாட்டியிருக்கு. முதல்ல வர்ற பத்து பேரை எல்லாரும் எடுப்பாங்க, அவங்க போனதும் முக்கால்வாசி கேமரா டிபனுக்கு கிளம்பிரும், அதுக்கப்புறம் ரெண்டு மணி நேரம் கழிச்சு வர்றவங்களுக்கு ஒரு படம்கூட இருக்காது. அவங்களுக்காக ஒரு பேட்டரியும் ஒரு மெமரி கார்டும் தனியா எடுத்து வெச்சுக்கங்க, நிழல்ல ஒரு இடம் பிடிச்சு உக்காந்துக்கங்க, கடைசி ஆளுக்கு பின்னாடி ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் எந்திரிக்காதீங்க.