பிளானிங் போர்டு மேசைக்கு இந்தப் பக்கம்

பாஸ்டனுக்கு மேற்கே, கம்யூட்டர் ரயில் நிற்கும் ஒரு சின்ன டவுனில் நகரத் திட்டப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வேலி எத்தனை அடி உயரம் போடலாம், கார் ஷெட்டை எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும், இவைதான் எங்கள் வழக்கமான தலைவலிகள். எங்கள் கூட்டத்துக்கு நாலு பேர் வந்தாலே அதிசயம்.

2021 ஜனவரியில் மாசசூசெட்ஸ் ஆளுநர் சார்லி பேக்கர் கையெழுத்திட்ட சட்டம் அந்த நிம்மதியைக் கெடுத்தது. பாஸ்டன் வட்டாரத்தில் ரயிலும் பஸ்ஸும் ஓட்டும் எம்பிடிஏவின் சேவை எல்லைக்குள் வரும் 177 ஊர்களும், பல குடும்பங்கள் வாழும் கட்டடங்களுக்கு ஒரு பகுதியையாவது திறந்துவிட வேண்டும். அங்கே ஏக்கருக்குக் குறைந்தது 15 வீடு கட்ட இடம் தர வேண்டும். முதியோருக்கு மட்டும் என்று சொல்லிக் குழந்தைகளை வெளியே நிறுத்தவும் முடியாது. இதில் யாரும் எதையும் கட்டியே தீர வேண்டும் என்று இல்லை. நிலத்துக்காரர் விரும்பினால், ஊரின் திட்டக் குழுவான பிளானிங் போர்டிடம் தனி அனுமதிக்குக் காத்திருக்காமல் கட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

எங்கள் பொது விசாரணைக் கூட்டத்தில் இதை விளக்கிச் சொன்னபோது ஹாலில் நிற்க இடமில்லை. கழிவுநீர் பற்றிக் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஊரில் பல வீடுகளுக்கு இன்னும் செப்டிக் டேங்க். அந்த இடங்களில் மண் தாங்கும் அளவுக்குத்தான் வீடு கட்ட முடியும். போக்குவரத்து பற்றிய பயத்திலும் ஓரளவு உண்மை இருக்கிறது. பள்ளிகள் நிரம்பி வழியும் என்ற பயத்துக்குத்தான் ஆதாரம் குறைவு. வீடு அதிகம் கட்டிய ஊர்களில் மாணவர் எண்ணிக்கையும் கூடவே ஏறியதா என்று பாஸ்டன் வட்டாரத் திட்டக் கவுன்சில் 2017இல் ஆராய்ந்தது. அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை என்றது. இதைச் சொன்னேன். யாரும் அசைந்ததாகத் தெரியவில்லை.

அப்புறம், "இந்த ஊரின் அடையாளமே போய்விடும்" என்ற வாதம். ஸ்டேஷனை ஒட்டிய பழைய தெருக்களின் வரைபடத்தைத் திரையில் காட்டினேன். எல்லோரும் அழகு என்று சொல்லும் அந்தத் தெருக்களில் இரண்டு குடும்ப வீடுகளும் மூன்று குடும்ப வீடுகளும் வரிசையாக நிற்கின்றன. எல்லாம் ஜோனிங் விதிகள், அதாவது எந்தப் பகுதியில் எதைக் கட்டலாம் என்று ஊர் வகுக்கும் விதிகள், வருவதற்கு முன்னால் கட்டியவை. இன்று அதே வீட்டை அதே இடத்தில் கட்டக் கேட்டால் நாங்கள் மனுவைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும்.

இது தற்செயலாக நடந்ததல்ல. மூன்று மாடி மர வீடுகளை, இங்கே டிரிபிள் டெக்கர் என்பார்கள், ஆலைத் தொழிலாளர்களும் புதிதாகக் கப்பலேறி வந்தவர்களும் குடியிருந்த வீடுகளை, ஊர்கள் தடுக்க வழிசெய்து 1912இலேயே மாசசூசெட்ஸில் சட்டம் வந்தது. 1926இல் ஒஹாயோவின் யூக்ளிட் கிராமம் தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஜோனிங்கை ஏற்றுக்கொண்டது. அந்தத் தீர்ப்பு, தனி வீடுகள் இருக்கும் பகுதிக்குள் வரும் அபார்ட்மெண்ட் பல சமயம் வெறும் ஒட்டுண்ணி என்று எழுதியது. கட்டடத்தைப் பற்றிச் சொன்ன வார்த்தைதான். ஆனால் அந்தத் திட்டு உள்ளே குடியிருப்பவர்கள் மேல் படாமலா இருக்கும்?

கூட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்துக்கு வந்தால் ஒரு தமிழர் காத்திருந்தார்.

"ஏங்க, நீங்களே இப்படிப் பண்ணலாமா? ஸ்கூலுக்காகத்தானே இவ்வளவு விலை கொடுத்து இங்க வந்தோம்?"

நீங்கள் அமெரிக்கா வந்த புதிதில் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். ஃப்ராமிங்ஹாமில் ஒரு அபார்ட்மெண்டாம்.

"அது வேற," என்றார்.

நம்மவர்கள் மட்டும் இப்படி என்று சொல்ல மாட்டேன். ஐரிஷ், இத்தாலியப் பேரப்பிள்ளைகளும் அதே மைக்கில் அதையேதான் பேசினார்கள். 2024 ஆகஸ்டில் ஆளுநர் மோரா ஹீலி கையெழுத்திட்ட இன்னொரு சட்டம், தனி வீட்டு மனையிலேயே 900 சதுர அடி வரை துணை வீடு ஒன்றைத் தனி அனுமதி இல்லாமல் கட்ட வழிவிட்டது. அதற்கு எங்கள் ஊரில் பெரிய எதிர்ப்பே இல்லை. சென்னையிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்குக் கட்ட முடியுமா என்று கவுண்டரில் வந்து கேட்கிறார்கள். அதிலும் அதே செப்டிக் டேங்க்தான், அதே தெருதான். ஆனால் உள்ளே வரப்போவது யார் என்று தெரியும். எதிர்ப்பின் வேர் பெரும்பாலும் அங்கேதான் என்பது என் எண்ணம்.

மற்ற ஊர்களையும் கவனித்துக்கொண்டுதான் இருந்தோம். மில்டனில் ஊர்ப் பிரதிநிதிகள் கூடி வாக்களிக்கும் டவுன் மீட்டிங் ஏற்ற திட்டத்தை 2024 பிப்ரவரியில் வாக்காளர்கள் பொது வாக்கெடுப்பில் கவிழ்த்தார்கள். மாநிலத்தின் தலைமை அரசு வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் வழக்குப் போட்டார். சட்டம் செல்லும், அதை அமல்படுத்த அவருக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அதற்கான வழிகாட்டு விதிகளை மாநில வீட்டுவசதித் துறை முறைப்படி வெளியிடவில்லை என்று 2025 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. இதற்கு நேர்மாறாக லெக்சிங்டன் 2023இலேயே தாராளமாகத் திறந்துவிட்டது. எதிர்பார்த்ததைவிட அதிகமாக மனுக்கள் குவியவே, 2025இல் அந்தப் பரப்பைக் குறைத்துக்கொண்டது.

எங்கள் ஊரில் திட்டம் நிறைவேறிவிட்டது. ஜோனிங்கை மாற்ற முன்பு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 2021 சட்டம் இப்படிப்பட்ட வீட்டு மாற்றங்களுக்குச் சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்று ஆக்கியிருந்தது. பழைய கணக்கு இருந்திருந்தால் தோற்றிருப்போம்.

இதனால் விலை இறங்கிவிடும் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. இங்கே நிலத்தின் விலைக்குப் புது வீடு மலிவாக வராது. குறைந்த வருமானக்காரர்களுக்கென்று பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒதுக்கச் சொல்வதானால், கட்டுபவருக்கு அது கட்டுப்படியாகும் என்று கணக்குப் போட்டு மாநிலத்திடம் காட்ட வேண்டும். இங்கே பாடம் நடத்தும் ஆசிரியர்களில் பலர் தொலைவிலிருந்து காரில்தான் வருகிறார்கள். இந்த ஒரு சட்டத்தால் அவர்கள் எல்லோரும் இங்கே குடிவந்துவிட முடியாது. அதற்கு ஊரே நிலமும் பணமும் போட வேண்டும். அந்தத் தீர்மானம் இன்னும் எங்கள் நிகழ்ச்சி நிரலுக்கே வரவில்லை.