துரைக்கு மட்டும் ஹீட்டர்

ஜனவரியில் குன்னூர் விடியற்காலை 10 டிகிரிக்குக் கீழே இறங்கும். நாங்கள் எல்லோரும் ஸ்வெட்டர், மப்ளர், குல்லா, சாக்ஸ் என்று பொட்டலமாகிவிடுவோம். இந்தக் குளிரின் வாடையே தெரியாமல் 26 டிகிரியில் சொகுசாக இருப்பது வீட்டில் ஒரே ஒரு ஜீவன். ஹாலில் 20 லிட்டர் தொட்டியில் வாழும் நீல நிற ஃபைட்டர் மீன்.

பெயர் துரை. வைத்தது மாமா, அதாவது என் மாமனார். தேயிலை எஸ்டேட்டில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். "தனி பங்களா, யாரோடயும் ஒட்டறதில்ல, எதிர்ல போனா மொறைக்கிறான், வேளாவேளைக்கு சாப்பாடு போய் நிக்கோணும். துரைன்னு வெக்காம பின்ன என்னன்னு வெக்கிறது?"

கோயம்புத்தூரிலிருந்து துரை மலையேறி வந்ததே ஒரு கூத்து. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலுக்கே தடை உள்ள மாவட்டம் இது. கடைக்காரர் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்ததும், வழியில் சோதனையில் மாட்டினால் என்ன செய்வது என்று என் கணவருக்கு வியர்த்துவிட்டது. கடையிலேயே எவர்சில்வர் தூக்குப்போசிக்கு மாற்றினோம். ஃபைட்டர் மேலே வந்து நேராகக் காற்றையே வாங்கும் ஜாதி என்பதால் பாதிப் போசி தண்ணீர் போதும். பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா மோப்பம் பிடித்துவிட்டு, "ரசமா?" என்று கேட்டார். மீன் என்றேன். "குழம்பா?" என்றார். விட்டுவிட்டேன்.

இந்த மீனின் பூர்வீகம் தாய்லாந்துப் பக்கம். 2019இல் அந்த நாடு இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. வெதுவெதுப்பான வயல் தண்ணீரில் பிறந்த பரம்பரைக்கு 24லிருந்து 28 டிகிரி வேண்டும். சூடு குறைந்தால் மந்தமாகி அடியில் படுத்துவிடும், தீனி எடுக்காது, நோய் சுலபமாகத் தொற்றும். ஆகவே துரைக்கு 50 வாட்ஸ் ஹீட்டர், மேலே மூடி. மூடி இல்லாவிட்டால் எகிறிக் குதித்துவிடும் என்பது ஒன்று. மேலே வந்து வாங்குகிற காற்றும் ஐஸ் மாதிரி இருக்கக் கூடாது என்பது இன்னொன்று. மாமா தினமும் பேப்பரைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்வார். ஒரு கையில் பேப்பர், இன்னொரு கை கண்ணாடி மேல். பாசம் என்று வெகுநாள் நினைத்திருந்தோம். குளிர் காய்கிறார்.

ஞாயிறு தண்ணீர் மாற்றும் நாள். மொத்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புவது மீனுக்கு ஆகாது. கால் பங்கு எடுத்தால் போதும். முதலில் ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். சூட்டோடு வெளியே தெரிந்தால் அதன் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அதை முதல் நாளே பக்கெட்டில் திறந்து வைத்திருப்பேன். குளோரின் போய்விடும், ஆனால் ராத்திரிக் குளிரில் தண்ணீர் கையை வைக்க முடியாதபடி விறைத்திருக்கும். அங்கேதான் அத்தை வருவார். அடுப்பில் காய்ச்சிய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முழங்கையை உள்ளே விட்டு, கண்ணை மூடி ஒரு நிமிஷம் நிற்பார். ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குக் குளிப்பாட்டிய முழங்கை. "ம், ஊத்து." தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தால் 26. இது வரை அரை டிகிரி பிசகியதில்லை.

ஒரு தடவை நான் ஊருக்குப் போயிருந்த சமயம், கணவர் தொட்டியைப் பளபளவென்று ஆக்கி எனக்கு இன்ப அதிர்ச்சி கொடுக்க நினைத்தார். கல், ஃபில்டர் ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் குழாயடியில் வைத்துத் தேய் தேய் என்று தேய்த்துவிட்டார். சுத்தம் சோறு போடும் என்பது இங்கே செல்லாது. மீன் கழிவில் வரும் அமோனியாவை நைட்ரைட்டாக்கி, அதையும் நைட்ரேட்டாக்குகிற பாக்டீரியாக்கள் அந்த ஸ்பாஞ்சில்தான் குடித்தனம் நடத்துகின்றன. அதைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்து வைக்க வேண்டும். நான் வந்து பார்த்தபோது தண்ணீர் கலங்கிக் கிடந்தது, துரை துடுப்பைச் சுருக்கிக்கொண்டு ஒரு மூலையில். தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றி மாற்றித் தேற்றினோம். அதற்கப்புறம் கணவருக்குத் தொட்டியைப் பார்க்க மட்டும்தான் அனுமதி.

அத்தையின் பிரச்சினை வேறு. பாசம்.

ஒரு நாள் தண்ணீர் மேல் ஏடு படிந்த மாதிரி எண்ணெய்ப் படலம், வெளிச்சத்தில் வானவில் அடித்தது. அடியில் மஞ்சளாக ஏதோ ஊறிக்கொண்டிருந்தது. கரண்டியால் எடுத்துப் பார்த்தேன். அடுக்கடுக்காகப் பிரிந்தது. வர்க்கி!

"ஏனுங்க அத்தை, இத யாரு போட்டது?"

"டீயில தொடாமத்தாங் கண்ணு போட்டேன்."

காற்று வாங்க மேலே வருகிற மீனுக்கு அந்தப் படலம் இடைஞ்சல். டிஷ்யூ பேப்பரைத் தண்ணீர் மேல் விரித்து விரித்து எடுத்தால் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். எடுத்தபடியே, இதன் வயிறு கண்ணளவுதான், வேளைக்கு இரண்டு மூன்று உருண்டைத் தீனி போதும் என்று விளக்கினேன். அத்தை துரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மாமியாரை விட்டுவிட்டு மீனைப் பட்டினி போடுகிறாள் என்று நினைத்திருக்கலாம்.

அடுத்து நுரை. தொட்டி மூலையில் குட்டிக் குட்டியாகக் குமிழி கட்டியிருந்ததைப் பார்த்து, "யாரோ சோப்புக் கையோட தொட்டிருக்கீங்க" என்று வீட்டையே இரண்டாக்கிவிட்டார். சோப்பு இல்லை அத்தை, அது ஆண் மீன் வாயாலேயே ஊதிக் கட்டுகிற கூடு, முட்டையை அதில்தான் வைக்கும் என்றேன். அவ்வளவுதான்.

"ஊடு கட்டிப்போட்டானா? அப்புறமும் எதுக்கு இப்படி ஒத்தையில உட்டு வெச்சிருக்கீங்க? ஒரு புள்ளையப் பாக்கலாமில்ல?"

சேர்த்து வைத்தால் கடித்துக் குதறிவிடும், முட்டையிட்டதும் பெண்ணைத் துரத்திவிடும், அப்பன்தான் தனியாகக் காவல் இருக்கும், கீழே விழுகிற முட்டையையும் வாயில் கவ்விக்கொண்டு போய்க் கூட்டில் வைக்கும் என்று முழுக்கதையும் சொன்னேன். அத்தை கடைசி வரியை மட்டும் பிடித்துக்கொண்டார். தொட்டியில் கை வைத்திருந்த மாமா பக்கம் திரும்பி, "கேட்டுக்கோங்க" என்றார். மாமா பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

போன வாரம் துரைக்கு வயிறு உப்பியிருந்தது. வர்க்கியா என்று கேட்டால் யாரும் வாய் திறக்கவில்லை. தீனியை நிறுத்தி வைத்தேன். சாயங்காலம் மேட்டுப்பாளையத்துச் சின்னத்தையிடமிருந்து போன். அத்தை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"எல்லாரும் சௌரியந்தான். துரைக்குத்தான் வயித்துக்குச் செரியில்ல, பட்டினி போட்டிருக்கறோம். பாக்கவே மனசு கேக்கல போ."

"அய்யோ. மாமனுக்கு மூட்டுவலின்னியே, எப்படி இருக்குது?"

"அவருக்கென்ன, இருக்கறாரு."