மௌனத்தையும் பதிவு செய்யுங்கள்

ஒருவரின் வாழ்க்கைப் போராட்டத்தை ஆவணப்படமாக எடுக்கும்போது, படம் கொஞ்சம் ஆடினால் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். குரல் புரியாவிட்டால் எழுந்து போய்விடுவார். அதனால் முதலில் ஒலி. சட்டையில் மாட்டும் சின்ன காலர் மைக்கை முகவாய்க்கு ஒரு சாண் கீழே, நெஞ்சின் நடுவில் பொருத்துங்கள். துணி உரசும் சத்தத்தை எடிட்டிங்கில் நீக்குவது பெரும்பாடு. மைக்குக்குக் கீழே வயரைச் சின்ன வளையமாகச் சுற்றி டேப் ஒட்டினால் இழுபடாது. பதிவுக் கருவியின் ஒலி அளவுகாட்டியில் ஒலியின் உச்சம் மைனஸ் 12 டெசிபலை ஒட்டியே இருக்கட்டும். அழுகை வெடித்தாலும் பதிவில் குரல் சிதையாது. பேட்டி முடிந்ததும் ஒரு நிமிடம் யாரும் பேசாமல் அறையின் ஒலியை மட்டும் பதிவு செய்யுங்கள். வெட்டிய இடங்களை ஒட்ட அது வேண்டும்.

கேள்வியைவிட முக்கியம், பதிலுக்குப் பின் வரும் மௌனம். பேட்டி தருபவர் நிறுத்தியதும் அடுத்த கேள்விக்குத் தாவாமல் மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். விரல் சட்டைப் பொத்தானைத் திருகும், பார்வை ஜன்னல் பக்கம் போகும், பிறகு அவரே எதிர்பாராத ஒரு வாக்கியம் வரும். படத்தின் உயிர் அதில்தான். "ம்ம்" கொட்டாதீர்கள், தலையை மட்டும் அசையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் குரல் அவர் குரல்மேல் ஏறிவிடும்.

தூரத்தில் நின்று ஜூம் போட்டுக் கண்ணீரைப் பிடிப்பது எனக்கு உடன்பாடில்லை. 35 அல்லது 50 எம்எம் லென்ஸோடு பக்கத்தில் உட்காருங்கள். கேமரா இருப்பது தெரிந்தால்தான் "போதும்" என்று சொல்ல அவரால் முடியும்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கினால் மட்டும் போதாது. வெளியிடும் முன் அவர் வரும் பகுதிகளைப் போட்டுக் காட்டுங்கள். வேண்டாம் என்றால், எவ்வளவு நல்ல காட்சியானாலும் நீக்கிவிடுங்கள்.