மூன்று துறைகளைச் சேர்த்து ஓர் ஆய்வு: எங்கெங்கே இடிக்கும்?

அங்கன்வாடியில் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்த குழந்தை ஒன்றாம் வகுப்புக்குப் போன பிறகு தேறியதா, இல்லையா? தமிழ்நாட்டில் இதற்குப் பதில் சொல்ல மூன்று துறைகளின் பதிவேடுகள் வேண்டும். பிறப்பும் தடுப்பூசியும் சுகாதாரத் துறையில் இருக்கின்றன, எடையும் உயரமும் அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் துறையில், அதற்கப்புறம் எல்லாம் பள்ளிக் கல்வியில். சென்னையில் இவற்றின் தலைமையகங்கள் இருக்கும் தேனாம்பேட்டை, தரமணி, கல்லூரிச் சாலை என்று அலைந்து அப்படியோர் ஆய்வை ஒருவழியாகக் கரைசேர்த்திருக்கிறோம். நெறிமுறைக் குழு ஒப்புதல், கேள்வித்தாள், களப்பணியாளர் பயிற்சி எல்லாம் சிக்கலில்லாமல் நடந்தன. இடித்த இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

யாரிடம் அனுமதி கேட்பது என்பதிலேயே பலர் சறுக்குகிறார்கள். ‘பள்ளிக் கல்வியில் வாங்கியாச்சு’ என்று போய் நின்றால் தலைமையாசிரியர் திருப்பி அனுப்புவார், அவர்மேல் தப்பில்லை. தொடக்க, நடுநிலைப் பள்ளிகள் தொடக்கக் கல்வி இயக்ககத்தின் கீழ் வருகின்றன. உயர்நிலை, மேல்நிலைக்குப் பள்ளிக் கல்வி இயக்ககம். மெட்ரிக், நர்சரிப் பள்ளிகளுக்குத் தனியார் பள்ளிகள் இயக்ககம். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் வேறு துறை. மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் போனால் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் பிற்படுத்தப்பட்டோர் நலத் துறையின் கையில். சென்னைக்குள் மாநகராட்சிப் பள்ளிகளும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களும் மாநகராட்சியைச் சேர்ந்தவை. ஆய்வுக்கான பள்ளிகளைக் குலுக்கலில் எடுத்ததும் ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் நிர்வாகம் எது என்று அட்டவணையில் ஒரு பத்தி போட்டுவிடுங்கள். விண்ணப்பம் எத்தனை என்பது அதில்தான் தெரியும்.

அனுமதிக் கடிதம் கையில் வந்ததும் முதல் பக்கத்தைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள், கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். ‘நகல்’ என்று போட்டு வரிசையாகப் பதவிகள் இருக்கும். களத்தில் உள்ள அலுவலர் அங்கேதான் கண்ணை வைப்பார். அவர் பதவி அதில் இல்லையென்றால் உங்கள் கடிதம் அவருக்கு வந்த கடிதமே இல்லை. ‘தகவலுக்காக’ என்று மட்டும் அனுப்பியிருந்தால் கோப்பில் கட்டி வைத்துவிடுவார். ‘தக்க நடவடிக்கைக்காக’ என்று இருந்தால்தான் கீழே சுற்றறிக்கை போகும். பதவிப் பெயரும் இன்று புழக்கத்தில் உள்ளதாக இருக்க வேண்டும். சுகாதாரப் பணிகள் துணை இயக்குநர் என்பது மாவட்ட சுகாதார அலுவலர் என்று மாறியிருக்கிறது. பழைய பெயரில் வந்த கடிதத்தை ஒரு மாவட்டத்தில் வாங்கவே மறுத்துவிட்டார்கள். திருத்திய கடிதம் வரும்வரை களக்குழு சும்மா உட்கார்ந்திருந்தது. விண்ணப்பத்தோடு நகல் பட்டியலையும் நாமே தயாரித்து இணைத்துவிட்டால் பிரிவில் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். மூன்று துறைகளின் மாவட்ட, வட்டார அலுவலர்கள் அத்தனை பேரும் அதில் வர வேண்டும்.

கோப்பு எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ள ந.க. எண்ணும் (அலுவலகம் கோப்புக்குத் தரும் பதிவு எண்) அது இருக்கும் பிரிவும் வேண்டும். தபால் பிரிவில் கொடுத்துவிட்டு நகலில் முத்திரை மட்டும் வாங்கி வந்தால் போதாது. எந்தப் பிரிவுக்குப் போகிறது என்று கேட்டு, மறுவாரம் அந்தப் பிரிவில் ந.க. எண் வாங்கிவிட வேண்டும். ஓர் இயக்ககத்தில் ‘கோப்பு மேலே போயிருக்கு’ என்ற ஒரே பதிலைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கடைசியில் பார்த்தால் சம்பந்தப்பட்ட உதவியாளர் மாறுதலில் போய்விட்டார், கோப்பை யாரிடமும் ஒப்படைக்கவில்லை. எண் கையில் இருந்ததால் கண்காணிப்பாளர் அரை நாளில் தேடி எடுத்துவிட்டார். எண் இல்லாமல் போயிருந்தால் ‘புதுசா ஒன்னு கொடுங்க’ என்பதுதான் பதில்.

தலைமையகத்தில் மூன்று துறைகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்காராது. மாவட்டத்தில் உட்காரும். ஆட்சியரின் மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். ஆட்சியரின் செயல்முறைகளில் ஒரே ஆணையாக மூன்று அலுவலர்களுக்கும் போனால், வட்டாரத்தில் ‘எங்களுக்கு எதுவும் வரலையே’ என்ற பேச்சு எழாது. இத்தனை அலைச்சலில் மனசுக்கு நிம்மதி தந்த ஒரு கட்டம் இதுதான்.

இதெல்லாம் தாண்டி உண்மையான முட்டுச்சந்து, ஒவ்வொரு துறையும் வகுத்துக்கொண்ட நிர்வாக எல்லைகள். வருவாய் மாவட்டங்கள் 38. ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 32 மாவட்டங்களாகத்தான் இருக்கிறது. தென்காசியும் கள்ளக்குறிச்சியும் செங்கல்பட்டும் அதில் தேடினால் கிடைக்காது. சுகாதார மாவட்டம் என்பது வேறொரு கோடு. ஊராட்சி ஒன்றியங்கள் 388, குழந்தை வளர்ச்சித் திட்ட வட்டாரங்கள் 434. ஒரே வட்டாரப் பெயரை மூன்று அலுவலர்களும் சொல்வார்கள், மூன்றும் வேறு வேறு ஊர்ப் பட்டியல். களத்துக்குப் போகும் முன்பே ஓர் இணைப்பு அட்டவணை போட வேண்டும்: அங்கன்வாடி மையக் குறியீடு, குக்கிராமம், ஊராட்சியின் எல்ஜிடி குறியீடு (மத்திய அரசின் உள்ளாட்சி அடைவில் உள்ள எண்), துணை சுகாதார நிலையம், குழந்தைகள் சேரும் பள்ளியின் 11 இலக்க யூடைஸ் எண் (நாடு முழுவதும் பள்ளிகளுக்குத் தரப்படும் குறியீடு). ஊர்ப் பெயரை வைத்துச் சேர்க்கவே கூடாது. புதூர் இல்லாத வட்டாரம் எங்கே இருக்கிறது? கிராம சுகாதார செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சரிபார்த்தால்தான் இந்த அட்டவணை தேறும்.

எண்களிலும் ஒரு பொறி உண்டு. தாய்சேய் பதிவு எண் 12 இலக்கம். எக்செல்லில் அப்படியே திறந்தால் 1.33E+11 என்று சுருங்கிவிடும். அதை சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போனது போனதுதான். ஒரு வட்டாரத்திலிருந்து வந்த மொத்தப் பட்டியலும் இப்படித்தான் பாழாகி வந்தது. பத்தியை ‘டெக்ஸ்ட்’ ஆக மாற்றிய ஒரு வெற்றுப் படிவத்தை நாமே அனுப்பி, அதில் நிரப்பித் தரச் சொல்ல வேண்டும்.

மூன்று துறைகளும் அளப்பதும் ஒன்றுபோல இல்லை. 2 வயதுக்குக் கீழே படுக்கவைத்து நீளம் எடுக்க வேண்டும், அதற்கு மேல் நிற்கவைத்து உயரம். மாற்றி எடுத்தால் 0.7 செ.மீ. திருத்தம் போட வேண்டும். எப்படி எடுத்தார்கள் என்று பதிவேட்டில் இல்லையென்றால் எங்கே திருத்துவது? ஹீமோகுளோபினில் இன்னும் சிக்கல். 2 முதல் 5 வயதுக்குள் டெசிலிட்டருக்கு 11.0 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. 5 முதல் 11 வயது வரை 11.5. 11.2 கிராம் உள்ள குழந்தை அங்கன்வாடிக் கணக்கில் நலமாக இருக்கும், பள்ளிக்குப் போனதும் ரத்தசோகைப் பட்டியலில் ஏறிவிடும். துறைகள் தரும் சதவீதத்தை ஒப்பிடாமல் மூல அளவையே கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்குவார்கள். விண்ணப்பத்திலேயே ‘தனிநபர் அளவிலான தரவு, பெயர் நீக்கியது’ என்று எழுதி ஒப்புதல் வாங்கியிருந்தால் பேச இடமுண்டு.

நாள் குறிப்பதில் மூன்று நாட்காட்டிகளையும் பார்க்க வேண்டும். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, டிசம்பரில் அரையாண்டு, மார்ச் வந்தால் பள்ளிப் பக்கமே போக முடியாது. வடகிழக்குப் பருவமழையில் சுகாதாரப் பணியாளர்கள் காய்ச்சல் முகாம்களில் இருப்பார்கள். வாக்காளர் பட்டியல் திருத்தம் நடக்கும் மாதங்களில் அங்கன்வாடிப் பணியாளர்களும் ஆசிரியர்களும் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலைக்குப் போய்விடுவார்கள். நிம்மதியாகக் கிடைப்பது ஜூலை, ஆகஸ்ட், பிறகு பொங்கல் முடிந்த சில வாரங்கள். அனுமதியில் ‘மூன்று மாதத்துக்குள்’ என்று காலம் குறித்துவிட்டால் இந்த இடைவெளிக்குள் அது காலாவதியாகிவிடும். ஒரு முழுக் கல்வியாண்டுக்குக் கேளுங்கள்.

பணத்தில் ஒரே எச்சரிக்கை. நிதி ஒரு துறையின் கணக்குத் தலைப்பில் வந்திருந்தால், அடுத்த துறைப் பணியாளருக்கு மதிப்பூதியம் தர அந்தத் துறையின் ஆணை தனியாக வேண்டும். இது இல்லாமல் பட்டியல் (பில்) போட்டால் கருவூலத்தில் தணிக்கைக் குறிப்போடு திரும்பி வரும், அதற்குள் மார்ச் 31 தாண்டினால் ஒதுக்கீடே போய்விடும்.

வரைவு அறிக்கையை மூன்று துறைகளுக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். ஒருவர் பார்த்த பிறகு அடுத்தவருக்கு என்று போனால், முதலாமவர் மாறுதலாகி அந்த இடத்துக்குப் புதியவர் வந்து மறுபடி முதலிலிருந்து கேட்பார். கருத்துச் சொல்ல 30 நாள் என்று முதல் விண்ணப்பத்திலேயே ஒரு வரி சேர்த்து வைத்திருந்தோம். அந்த ஒரு வரியைக் காட்டித்தான் அறிக்கையை வெளியே கொண்டுவர முடிந்தது.