சூடானால் மட்டும் செத்துப்போன சென்சார்

தொப்பூர் கணவாய் ஏறும்போது வண்டி நின்றுவிட்டதாக எங்கள் ஓட்டுநர் முதல் முறை தொலைபேசியில் சொன்னபோது, டீசலில் ஏர் பிடித்திருக்கும் என்றே நானும் நினைத்தேன். சேலத்தில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு பெங்களூரு போகும் பத்துச் சக்கர லாரி அது. 2018இல் வாங்கிய, பி.எஸ். 4 புகை விதிப்படியான வண்டி. அரை மணி நேரம் ஓரங்கட்டி நிறுத்தி, டீசல் ஃபில்டருக்கு மேலே இருக்கும் கை பம்பை அடித்துவிட்டுச் செல்ஃப் போட்டதும், எதுவுமே நடக்காததுபோல எஞ்சின் பிடித்துக்கொண்டது. பம்ப் அடித்ததால்தான் சரியாயிற்று என்று அவரும் நம்பினார், நானும் நம்பினேன். உண்மையில் வண்டியைக் கிளப்பியது அந்த அரை மணி நேர ஓய்வுதான் என்பது எனக்குப் புரிவதற்குள் மூன்று வாரங்களும் இரண்டு டீசல் ஃபில்டர்களும் செலவாகியிருந்தன.

இரண்டாம் முறை நின்றபோது வண்டியை ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். அங்கே போய்ச் சேரும்போது எஞ்சின் ஆறியிருந்ததால், ஒரே செல்ஃபில் கிளம்பியது. ஓடுகிற வண்டியில் என்ன கோளாறைக் கண்டுபிடிப்பது? டாங்கைக் கழுவினார்கள், டீசல் குழாய்களின் வாஷர்களை மாற்றினார்கள், கடைசியில் ஹை பிரஷர் பம்ப் தேய்ந்திருக்கும் என்று சொல்லி முக்கால் லட்சம் ரூபாய்க்கு ஒரு கணக்கும் போட்டுக் கொடுத்தார்கள். வயரிங் பார்ப்பவர் ஒருவர், எஞ்சினை ஆளும் கணினியான இசியூவே போயிருக்கும் என்றார். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நின்ற நிலையில் வண்டியை யாருமே பார்க்கவில்லை.

துப்பு கிடைத்தது ஓட்டுநரிடமிருந்துதான். கணக்கு முடித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில், "தம்பி, நிக்கறதுக்கு முன்னால ஆர்பிஎம் முள்ளு ரெண்டு தடவ சைபருக்கு உளுந்து எந்திரிச்சுதுங்க" என்று போகிறபோக்கில் சொன்னார். இழுவை குறைந்து, இருமி, மெதுவாக அடங்கினால் அது டீசல் வராத எஞ்சின். வேகம் குறையாமல் ஓடிக்கொண்டிருக்கும்போதே முள் மட்டும் சைபருக்கு விழுகிறது என்றால், எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க் சுற்றுவதை இசியூவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

எங்கள் எஞ்சினில் அந்தச் சென்சார், கிராங்கோடு சேர்ந்து சுழலும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலை மூடியிருக்கும் ஹவுசிங்கில் ஒற்றை போல்ட்டில் நிற்கிறது. உள்ளே இருப்பது ஒரு காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பிச் சுருளும்தான். இதற்கு வெளியிலிருந்து மின்சாரம் தேவையில்லை. ஃப்ளைவீலில் 60 பற்களுக்குரிய இடம் இருந்தாலும் 58 பற்களே உண்டு. ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது சுருளில் ஒரு சிறு மின் அலை எழும். பல் இல்லாத இடம் வரும்போது ஏற்படும் இடைவெளியை வைத்து, கிராங்க் எந்த நிலையில் இருக்கிறது என்பதை இசியூ கணக்கிட்டுக்கொள்ளும். ஒரு பல்லுக்கு 6 டிகிரி என்பதால், 600 ஆர்பிஎம்மில் சும்மா நிற்கும் எஞ்சினிலிருந்துகூட நொடிக்கு 580 அலைகள் போய்க்கொண்டிருக்கும். இவை நின்றால், எந்தச் சிலிண்டருக்கு எப்போது டீசல் அடிப்பது என்று தெரியாமல் இசியூ இன்ஜெக்டர்களை மூடிவிடும். சில எஞ்சின்கள், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டில் உள்ள கேம் சென்சாரின் துணையோடு குறைந்த இழுவையில் ஊர்ந்தாவது போகும். எங்களுடையது அந்த வகையில்லை.

மூன்றாம் முறை வண்டி ஓமலூரைத் தாண்டியதும் நின்றது. அன்று நான் சேலத்திலேயே இருந்ததால், ஸ்கேனரையும் மல்டிமீட்டரையும் பையில் போட்டுக்கொண்டு இருசக்கர வாகனத்தில் கிளம்பினேன். செல்ஃப் போடக் கூடாது, எஞ்சினை ஆறவிடும் எந்த வேலையையும் செய்யக் கூடாது என்று ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். ஸ்கேனரில் பி 0335 என்ற கோளாறு கோட் பதிவாகியிருந்தது. செல்ஃப் போடச் சொல்லி ஓடும் கணக்குகளைப் பார்த்தேன்: ஹை பிரஷர் பம்ப் டீசலை ஏற்றும் ரெயில் குழாயின் அழுத்தம் 300 பாரைத் தாண்டி நின்றது, எஞ்சின் வேகமோ பூஜ்ஜியம். செல்ஃப் மோட்டார் ஃப்ளைவீலைச் சுழற்றுகிற சத்தம் காதில் கேட்கிறது, இசியூவுக்கு மட்டும் அது தெரியவில்லை. முக்கால் லட்ச ரூபாய் பம்ப் நல்ல நிலையில் இருக்கிறது என்பதற்கு அந்த 300 பாரே போதும்.

ஆனால் பி 0335 என்றால் சென்சார் போய்விட்டது என்று பொருளல்ல. கிராங்க் சென்சாரின் மின்சுற்றில் எங்கோ கோளாறு என்பதுதான் அதன் பொருள்; வயர், வயரை இணைக்கும் கப்ளர், பின், சென்சார் ஆகிய எதுவாகவும் அது இருக்கலாம். ஆகவே சாவியை அணைத்து, கப்ளரைக் கழற்றி, சென்சாரின் இரண்டு கால்களிலேயே நேராக ஓம் அளந்தேன். மீட்டர் எதையும் காட்டவில்லை, சுருள் அறுந்திருந்தது. மீட்டரின் முனைகளை எடுக்காமல் தார்ச்சாலை ஓரத்தில் குந்தியபடியே காத்திருந்தேன். ஏறத்தாழ 25 நிமிடங்கள் கழித்து, நான் எதையும் தொடாமலேயே, மீட்டரில் 980 என்ற எண் தோன்றியது. கப்ளரை மாட்டினோம், வண்டி கிளம்பியது.

சுருளின் செப்புக் கம்பி சூட்டில் விரிந்து, எங்கோ மயிரிழை அளவுக்கு விட்டுப்போய், ஆறியதும் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. பட்டறையில் அளந்திருந்தாலும் நல்ல சென்சார் என்றே மீட்டர் சொல்லியிருக்கும்.

புதிய சென்சார் வாங்கப் போனபோது கடைக்காரர் 650 ரூபாய்க்கு ஒன்றும் 2,150 ரூபாய்க்கு ஒன்றும் எடுத்து வைத்தார். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுதான். கணவாயில் ஒருமுறை நின்றால் ஆகும் வாடகை இழப்பை நினைத்து விலை கூடியதையே வாங்கினேன்.

பழையதைக் கழற்றுவதற்குத்தான் நேரம் பிடித்தது. 10ஆம் நம்பர் போல்ட் எளிதில் வந்துவிட்டது. சென்சாரோ துருவிலும் ஊதிப்போன ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்திலும் சிக்கி அசைய மறுத்தது. நெம்பினால் தலை ஒடிந்து, முனை உள்ளே ஃப்ளைவீல் மேல் விழுந்துவிடும் ஆபத்து உண்டு என்பதால், துரு இளக்கும் எண்ணெயை விட்டுச் சற்று நேரம் ஊறவைத்து, இடமும் வலமுமாகத் திருகித் திருகியே எடுத்தேன். முனையில் இரும்புத் துகள் தாடிபோல வளர்ந்திருந்தது. அந்தத் துகளும் அலையைக் குலைக்கக்கூடியதுதான் என்பதால், துளையைத் துணியால் அடைத்துவிட்டுச் சுற்றிலும் சுத்தம் செய்தேன்.

அன்றிரவு வீட்டில், அம்மாவின் முறைப்பைப் பொருட்படுத்தாமல், பழைய சென்சாரைப் பாலிதீன் உறையில் போட்டு, வெந்நீர்ச் சட்டியில் தொங்கவிட்டு மீட்டரைப் பிடித்தேன். குளிர்ந்த நிலையில் 870 ஓம். சூடு ஏற ஏற 920, 980 என்று உயர்ந்தது. இந்த உயர்வு கோளாறு அல்ல. செம்பின் மின்தடை டிகிரிக்கு ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடுவது இயல்பு. 1,040ஐத் தொட்டதும் எண் ஒரேயடியாக மறைந்துவிட்டது. புதியதையும் அதே சட்டியில் வைத்தேன். அது 1,060 வரை ஏறி அங்கேயே நின்றது. பொருத்துவதற்கு முன் இதைச் செய்து பார்க்கக் கால் மணி நேரம்தான் ஆகும்.

மறுநாள் பாட்டரியைக் கழற்றிவிட்டு, இசியூ கப்ளர் வரைக்கும் இரண்டு வயர்களையும் சோதித்தேன். ஒவ்வொன்றும் ஒரு ஓமுக்கும் குறைவு. தமக்குள்ளோ பாடியோடோ தொடர்பு இல்லை. வயரை ஆட்டிப் பார்த்தபோதும் மாற்றமில்லை. இந்த வயர்களில் 24 வோல்ட் டெஸ்ட் லாம்பைக் குத்திப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. நல்ல இசியூவைக் கெடுக்க அது ஒன்று போதும். கப்ளரை வெட்டிப் புதிதாக ஒட்டுபவர்கள் இரண்டு வயர்களையும் இடம் மாற்றிவிடுவதும் நடக்கிறது. அப்போது அலை தலைகீழாகி, பல் இல்லாத இடத்தை இசியூ தவறாகப் படிக்கும். சென்சார் புதிதாக இருந்தும் வண்டி கிளம்பத் திணறும்.

ஓ-ரிங்கில் எஞ்சின் ஆயில் தடவி, சுத்தியல் படாமல் கையாலேயே அழுத்தி உட்கார வைத்து, போல்ட்டை 8 நியூட்டன் மீட்டர் அளவுக்கு மட்டும் முறுக்கினேன். வயரைப் பிடித்திருக்க வேண்டிய கிளிப் எப்போதோ உடைந்து, வயர் ஃப்ளைவீல் ஹவுசிங் மேலேயே உரசிக்கொண்டிருந்ததால், புதிய கிளிப் ஒன்றையும் போட்டேன். ஸ்கேனரில் அந்தக் கோட் பதிவை அழித்துவிட்டுச் செல்ஃப் போட்டதும், எஞ்சின் பிடிக்கும் முன்பே ஆர்பிஎம் முள் 200ஐ ஒட்டி எழுந்தது. இத்தனை நாளும் யாரும் கவனிக்காத சைகை அது.

அந்த வாரமே முழு லோடோடு நானும் கேபினில் உட்கார்ந்து தொப்பூர் ஏறினேன். நல்ல வெயில். ஏற்றம் முடியும் வரை முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மேலே போய் எஞ்சினை அணைத்து, சூட்டோடு சூடாக மூன்று முறை கிளப்பியும் பார்த்தோம். அதன் பிறகு பதினோரு நடை போய் வந்தாயிற்று, வண்டி நிற்கவில்லை. ஓட்டுநர் மட்டும் இன்னமும் புறப்படுவதற்கு முன் கை பம்பை நான்கு தடவை அடித்துவிட்டுத்தான் கேபினில் ஏறுகிறார்.