வார்டு நாட்கள்

12 ஏப்ரல் 2025, சனி
வயிற்றிலிருந்து மறுபடியும் நீர் எடுத்தார்கள். அண்ணன் சத்தமே போடவில்லை.

13 ஏப்ரல், குருத்தோலை ஞாயிறு
ஓலைச் சிலுவையை அம்மா அவன் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். அவள் சங்கிலியை அடகுக்கடையில் மூழ்கவிட்டவன், அப்பாவின் அடக்கத்துக்கும் வராதவன். "ஒரு வார்த்தை கேட்கமாட்டாயா அம்மா?" என்றேன். "முதலில் சாப்பிடட்டும்" என்று உப்பில்லாக் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

15 ஏப்ரல், செவ்வாய்
மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை 61 நாள். காசிமேட்டில் விசைப்படகுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. ஐஸ் லோடு இல்லை. இரவில் நானே வார்டில் தங்குகிறேன்.

லூக்கா 15 வாசித்தேன், வீட்டைவிட்டுப் போய்த் திரும்பிவந்த கெட்டகுமாரன் உவமை. பன்றி மேய்த்த இடத்தில் இளைய மகன் மனதுக்குள் தயார் செய்த பேச்சு, "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்" என்று முடிகிறது. வீட்டருகே வந்தபின் அந்த வரி மட்டும் இல்லை. அதைச் சொல்வதற்குள் தகப்பன் வஸ்திரம், மோதிரம், பாதரட்சை என்று வேலைக்காரர்களை ஏவிவிடுகிறார். அதற்கும் முன்னால், மகன் வாயைத் திறப்பதற்குள், ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டி முத்தமும் கொடுத்தாயிற்று. மன்னிப்புக் கேட்டு முடிக்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. நான் காத்திருக்கிறேன்.

16 ஏப்ரல்
மஞ்சள் காமாலை குறையவில்லை.

17 ஏப்ரல், பெரிய வியாழன்
அவன் காலை அழுத்தினால் விரல் பதிந்த குழி நெடுநேரம் அப்படியே நிற்கிறது. அம்மா வெந்நீரில் துணி நனைத்து, விரலிடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டாள்.

இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவியபோது யூதாசும் அங்கேதான் இருந்தான். அவன் எழுந்து இருட்டில் போனது அதற்குப் பிறகு. காட்டிக்கொடுப்பவன் யார் என்று தெரிந்தே அந்தக் கால்களையும் கழுவியிருக்கிறார். இந்த இடத்தை என்னால் தாண்ட முடியவில்லை. திருந்தினால்தான் அன்பு என்றிருந்தால், யூதாசின் முறை வந்ததும் சீலையைக் கீழே வைத்திருப்பார்.

18 ஏப்ரல், பெரிய வெள்ளி
ஆராதனைக்குப் போகவில்லை. ரோமர் 5:8ஐ அண்ணன் காதருகே வாசித்தேன். நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்தார். கண் திறந்தான்.
"எனக்குமா?"
"உனக்கும்தான். எனக்கும்தான்."

19 ஏப்ரல், சனி
அந்தச் சங்கிலிக்கு வட்டி கட்டியவன் நான். இன்று ஏன் அதே நினைப்பு?

ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியிருக்கிறது, சிறுநீரகமும் கெடுகிறது என்று அர்த்தம். சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார் டாக்டர். அண்ணிக்குப் போன் செய்தேன். அழுதார், வருகிறேன் என்று சொல்லவில்லை. அவரைக் குறை சொல்ல யாருக்கும் வாயில்லை. தேவன் அண்ணனை நேசிக்கிறார் என்பதால் அண்ணி வாங்கிய அடிகள் இல்லையென்று ஆகிவிடுமா? அந்த அடிகளையும் அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணியையும் அதே அளவு நேசிக்கிறார். இதை எப்படிப் போனில் சொல்வது?

20 ஏப்ரல், ஈஸ்டர், விடியற்காலை
அம்மாவை ஆராதனைக்கு ஆட்டோவில் அனுப்பிவிட்டேன். அண்ணியிடமிருந்து போன். பிள்ளைகளோடு ஆறு மணிக்கு வருகிறாராம். தாடியோடு பார்த்தால் சின்னவள் பயந்துவிடுவாள், மழித்துவிட வேண்டும். பிளேடு விற்கிற கடை இந்நேரம் எது திறந்திருக்கும்